யார் மகன், யாருக்குத் தந்தை?
லோக்கி என்னும் சூழ்ச்சி நாயகனும் அவனைச் சூழ்ந்த உறவுகளும்

 

இலக்கிய வகுப்பில் ஒரு பாத்திரத்தைப் பற்றி எழுதச் சொன்னால், மாணவர்கள் முதலில் பண்புப் பட்டியல் ஒன்றைத் தருகின்றனர். வீரன், பொறுமைசாலி, தன்னலமற்றவன் என்பது ஒரு பட்டியல்; வஞ்சகன், பொறாமைக்காரன், நன்றி மறந்தவன் என்பது மற்றொன்று. நல்லவர்க்கு ஒரு பெட்டி, தீயவர்க்கு ஒரு பெட்டி. உலகக் கதைகள் பலவற்றில் இவ்விரண்டிலும் அடங்காத ஒருவன் வருகிறான். அவன் பொய் சொல்கிறான். அந்தப் பொய்யே ஊரைக் காக்கிறது. உதவி செய்கிறான், அந்த உதவியிலேயே கேடும் முளைக்கிறது. அவன் காப்பியத் தலைவனும் அல்லன், முழுமையான பகைவனும் அல்லன். அவனை இவ்வுரையில் ‘சூழ்ச்சி நாயகன்’ எனக் குறிப்போம்.

இத்தகையோனைப் புரிந்துகொள்ள அவன் பண்புகளைப் பட்டியலிடுவது போதாது. அவன் யார் மகன், யாருக்கு உடன்பிறப்பு, யாருக்குத் தந்தை என்ற வினாக்களை முதலில் எழுப்ப வேண்டும். சூழ்ச்சி அவனுள் தானே ஊறும் நஞ்சு என்பதைவிட, உறவுகளுக்கிடையே அவன் நிற்கும் இடத்தில் விளைவது என்பதே பொருந்தும். இதுவே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட கருத்து.

உறவற்ற சூழ்ச்சியும் உறவுள்ள சூழ்ச்சியும்

நம் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியிலேயே அறிந்த சூழ்ச்சிக்காரன் ஒருவன் உண்டு. அவன் மலாய்க் கதைகளில் வரும் சாங் காஞ்சில் என்னும் சருகுமான். முதலைகளை வரிசையாக நிற்கச் செய்து, எண்ணுவதுபோல் அவற்றின் முதுகில் தாவி ஆற்றைக் கடந்த அக்கதையைக் கேளாத குழந்தை இந்நிலத்தில் அரிது. ஆயினும் பொதுவாக வழங்கும் அக்கதைகளில் காஞ்சிலின் தாயையோ தந்தையையோ நாம் காண்பதில்லை. அவனுக்குப் பசி உண்டு, அச்சம் உண்டு, அறிவும் உண்டு. மனக்காயம் மட்டும் இல்லை. ஆகவே முதற்கதையில் இருந்தவாறே இறுதிக்கதையிலும் இருக்கிறான், அவன் மாறுவதில்லை. கேட்போரும் அவனுக்காகச் சிரிக்கின்றனரேயன்றி வருந்துவதில்லை.

இனி, வட ஐரோப்பியத் தொன்மங்களில் வரும் லோக்கியைப் பாருங்கள். திரைப்படங்களின் வழியே இன்றைய மாணவர்கள் அனைவரும் அறிந்த பெயர் அது. அவனைச் சுற்றித் தாய், தந்தை, உடன்பிறந்தார், மனைவி, மக்கள், குருதி கலந்து உறவுகொண்ட தோழன் எனப் பெரிய வலையே விரிந்திருக்கிறது. குறும்பனாகத் தொடங்கும் அவன் உலக அழிவில் முடிகிறான். இந்த மாற்றம் எங்கே நிகழ்ந்தது என்று தேடினால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் உறவு நிற்பதைக் காண்கிறோம்.

தாயின் பெயரால் அறியப்பட்டவன்

லோக்கியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சான்றுகளுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, ஐசுலாந்து நாட்டு அறிஞர் சுனோரி சுதுர்லுசன் ஏறத்தாழ 1220இல் தொகுத்த உரைநடை எட்டா. மற்றொன்று, 1270 அளவில் எழுதப்பட்ட ஏட்டில் பாதுகாக்கப்பட்டுள்ள பழம்பாடல்களின் தொகுதி. ஐசுலாந்து மக்கள் கிறித்துவத்தை ஏற்று இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் கடந்த பின்னரே இவ்விரண்டும் எழுத்து வடிவம் பெற்றன என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

அத்தொன்மங்களில் தேவர் குலம் ஒன்று. அவர்தம் தலைவன் ஓடின். அவர்களுக்குப் பகையான பேருருவினர் குலம் மற்றொன்று. அவர்களை நம் வழக்கில் அரக்கர் எனலாம். லோக்கியின் தந்தை ஃபார்பௌட்டி ஓர் அரக்கன். தாய் லாஃபே, அவள் எக்குலத்தவள் என்பதைப் பழநூல் தெளிவாகச் சொல்லவில்லை. தந்தை பெயரை முன்னிட்டு மகனை அழைப்பதே அந்நாட்டு மரபு. ஆயினும் லோக்கியோ ‘லாஃபேயின் மகன்’ என்றே வழங்கப்படுகிறான். பாண்டவரைக் குந்தியின் பெயரால் கௌந்தேயர் என்றும், கர்ணனை வளர்த்த தாயின் பெயரால் ராதேயன் என்றும் கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதன்று. தாய்ப்பெயர் முன்னிற்கும்போது, தந்தைப்பெயர் ஏன் பின்னின்றது என்ற வினா தானே எழுகிறது.

இங்கு மற்றொரு செய்தியும் உண்டு. தேவர் தலைவனாகிய ஓடினின் தாய் பெஸ்ட்லாவும் அரக்கன் ஒருவனின் மகளே. ஆகவே அரக்கர் குருதி ஓடினிடமும் உண்டு, லோக்கியிடமும் உண்டு. ஓடினுக்கு அது தாய்வழி வந்தது, அவன் அரசன். லோக்கிக்குத் தந்தைவழி வந்தது. அவன் தேவருள் ஒருவனாக எண்ணப்பட்டும் அயலான். வேறுபாட்டை விளைவித்தது குருதி அன்று, குருதியை எண்ணும் முறை. வீட்டின் வாயிற்படியில் நிற்பவனுக்கு உள்ளேயும் தெரியும், வெளியேயும் தெரியும். லோக்கியின் கூர்த்த அறிவுக்கும் அமைதியின்மைக்கும் அந்த வாயிற்படியே பிறப்பிடம்.

பயன்பட்ட காலம்

லோக்கி தேவர்களுக்குத் துன்பத்தை இழைப்பான். பின்னர்த் தன் சூழ்ச்சியாலேயே அதனைத் தீர்ப்பான். இவ்வாறே அவனை அறிமுகம் செய்கிறது உரைநடை எட்டா. தோரின் மனைவி சிஃப்பின் கூந்தலை வெட்டியவன் அவன். அதற்கு ஈடாகப் பொற்கூந்தலைக் குள்ளர்களிடமிருந்து பெற்றுத் தந்தவனும் அவனே. தோரின் புகழ்பெற்ற சம்மட்டி உருவானதும் அந்நிகழ்ச்சியின் தொடர்ச்சியிலேதான்.

தேவர் கோட்டையின் மதிலை எழுப்ப வந்த கட்டுநன் ஒருவன் பெருங்கூலி கேட்டபோது, அவன் வேலையைத் தடுக்க லோக்கி பெண்குதிரையாக உருமாறினான். கட்டுநனின் ஆண்குதிரையை மயக்கி அழைத்துச் சென்றான். காலப்போக்கில் எட்டுக் கால்களையுடைய குதிரைக் குட்டி ஒன்றை ஈன்றான். அக்குட்டியே ஓடின் ஏறிவரும் ஸ்லைப்னிர். லோக்கி தந்தை மட்டும் அல்லன், தாயும் ஆவான். அவன் ஈன்ற பிள்ளை அரசனின் ஊர்தியானது. அப்பிள்ளையைத் தேவர்கள் விரும்பி ஏற்றனர். ஏனெனில் அது பயன்பட்டது.

‘தாயைப் போல பிள்ளை’ என்ற தீர்ப்பு

ஆங்கர்போதா என்னும் அரக்கியிடம் லோக்கிக்குப் பிறந்த பிள்ளைகள் மூவர். மூத்தவன் ஃபென்ரிர் என்னும் ஓநாய். அடுத்தது யோர்முன்காண்டர் என்னும் பாம்பு. மூன்றாமவள் ஹெல் என்னும் பெண். இவர்களால் பெருங்கேடு விளையும் என்று குறிமொழிகள் கூறின. தாயின் பிறப்பு தீயது, தந்தையின் பிறப்பு அதனினும் தீயது. ஆதலால் பிள்ளைகளும் தீயவரே எனத் தேவர்கள் முடிவு செய்தனர். ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்ற நம் பழமொழியைத் தண்டனைச் சட்டமாக்கினால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அந்த முடிவு.

பாம்பைக் கடலில் எறிந்தான் ஓடின். பெண்ணை இருளுலகிற்குத் தள்ளி, இறந்தோரை ஆளும் பொறுப்பைக் கொடுத்தான். ஓநாயைத் தம் இல்லத்திலேயே வைத்து வளர்த்தனர். அதன் அருகே சென்று உணவூட்டும் துணிவு டைர் என்னும் தேவனுக்கு மட்டுமே இருந்தது. பின்னர் விளையாட்டு என்று சொல்லி அதனை மாயக்கயிற்றால் கட்டினர். நம்பிக்கைக்கு ஈடாக அதன் வாயில் கையை வைத்தவன் டைரே. வஞ்சகம் வெளிப்பட்டபோது கையை இழந்தவனும் அவனே. ‘ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்று நம் முன்னோர் சொல்வர். இங்கே ஊட்டினார்கள், ஆனால் அஞ்சி ஊட்டினார்கள். அச்சத்தோடு ஊட்டிய உணவு உறவாவதில்லை.

இந்நிகழ்ச்சி முழுவதிலும் தந்தை லோக்கி என்ன சொன்னான், என்ன உணர்ந்தான் என்பதைப் பற்றி உரைநடை எட்டா ஒரு சொல்லும் கூறவில்லை. அந்த மௌனம் மிகவும் கருதத்தக்கது. பழங்கதை உறவைச் சொல்லும், நிகழ்ச்சியைச் சொல்லும்; உள்ளத்தைச் சொல்லாது. உள்ளத்தை உய்த்துணரும் பணி நம்மிடம் விடப்பட்டுள்ளது.

இருக்கை கேட்ட விருந்து

பழம்பாடல் ஒன்றில் தேவர்கள் ஏகிர் என்பவனின் மாளிகையில் விருந்துண்கின்றனர். அங்குள்ள ஏவலரை எல்லாரும் புகழ்வதைப் பொறாது, லோக்கி அவர்களுள் ஒருவனைக் கொன்றுவிடுகிறான். புகழ்ச்சி பிறர்க்குக் கிடைப்பதைத் தாங்க இயலாத அவன் மனத்தை அச்செயல் காட்டுகிறது. துரத்தப்பட்டவன் மீண்டும் வந்து இடம் கேட்கிறான், மறுக்கின்றனர். அப்போது அவன் ஓடினை நோக்கி, முற்காலத்தில் நாம் இருவரும் குருதி கலந்து உடன்பிறந்தார் ஆனோம் அல்லவா என்று நினைவூட்டுகிறான். இருவர்க்கும் வழங்கப்படாத மதுவைத் தான் அருந்துவதில்லை என ஓடின் அன்று கூறியிருந்தான்.

ஓடின் இணங்குகிறான். தன் மகன் விதாரை எழச் சொல்லி, லோக்கிக்கு இடம் அளிக்கிறான். அப்போது ஓடின் அவனைத் தம்பி என்று அழைக்கவில்லை, தோழன் என்றும் அழைக்கவில்லை, ‘ஓநாயின் தந்தை’ என்றே குறிப்பிடுகிறான். இருக்கை கிடைத்தது, உறவுப்பெயர் கிடைக்கவில்லை. உடன்பிறப்பு என்ற உரிமையில் கேட்டவனுக்கு, அஞ்சத்தக்க பிள்ளையைப் பெற்றவன் என்ற பட்டத்தோடு இடம் தரப்பட்டது. இடம்விட்டு எழுந்த அந்த விதாரே உலக அழிவின்போது அந்த ஓநாயைக் கொல்லப்போகிறான். அவ்விருந்தில் லோக்கி தேவர் ஒவ்வொருவரையும் இகழ்ந்து பேசும் கொடுஞ்சொற்களை இப்பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும்.

பால்டரின் சாவு

லோக்கியின் செயல்களுள் மன்னிக்க இயலாதது பால்டரின் சாவு. பால்டர் ஓடினுக்கும் ஃபிரிக்குக்கும் பிறந்த அன்புமகன். மகனுக்குத் தீங்கிழைப்பதில்லை என்று உலகின் பொருள்கள் அனைத்திடமும் தாய் உறுதிமொழி வாங்கினாள். மிகவும் இளையது என்று கருதி ஒரு செடியை மட்டும் விட்டுவிட்டாள். அது மரங்களில் பற்றி வளரும் புல்லுருவி. பெண்ணுருவில் சென்ற லோக்கி அவளிடமே அந்த மறைபொருளை அறிந்துகொண்டான்.

தேவர்கள் வட்டமாக நின்று பால்டர்மீது படைக்கலங்களை எறிந்து விளையாடினர். எதுவும் அவனைத் தாக்கவில்லை. ஓடினின் மற்றொரு மகனாகிய ஹோட் பார்வையற்றவன். கையில் படைக்கலமும் இல்லாமல் வட்டத்தின் வெளியே நின்றான். அவனிடம் சென்று பேசியவன் லோக்கி ஒருவனே. புல்லுருவியைக் கையில் கொடுத்து, எறியும் திசையையும் காட்டினான். வட்டத்திற்கு வெளியே நிற்பவனை, வெளியே நின்று பழகியவனே எளிதில் இனங்காண்கிறான். அந்த அறிவு இரக்கமாக மலர்ந்திருக்கலாம். லோக்கியிடம் அது கொலைக் கருவியாயிற்று. சூழ்ச்சி நாயகனின் அவலம் இதுவே.

இறந்த பால்டர் சென்று சேர்ந்த இடம் எது? ஹெல் ஆளும் இருளுலகம். எந்தப் பெண்ணை ஓடின் தள்ளிவிட்டானோ, அவள் வாயிலிலேயே அவன் மகனுக்காகத் தூது நிற்க வேண்டியதாயிற்று. உலகப் பொருள்கள் அனைத்தும் அழுதால் அவனை அனுப்புவேன் என்றாள் ஹெல். எல்லாம் அழுதன, குகையில் இருந்த அரக்கி ஒருத்தி மட்டும் அழ மறுத்தாள். அவள் லோக்கியே என்று மக்கள் கருதினர் என உரைநடை எட்டா முடிக்கிறது.

தன் பிள்ளைகளுக்கு நேர்ந்ததற்குப் பழிவாங்கவே லோக்கி இதனைச் செய்தான் என்று நூல் எங்கும் கூறவில்லை. அவ்வாறு நாம் திட்டவட்டமாகச் சொல்லவும் கூடாது. ஆயினும் உறவுகளின் வரைபடத்தை முன்வைத்துப் பார்க்கும்போது, பிள்ளைகளைப் பறிகொடுத்த தந்தை ஒருவன் மற்றொரு தந்தையின் பிள்ளையைப் பறித்தான் என்ற ஒப்புமை கண்ணுக்குத் தெரிகிறது.

குடலே கயிறானது

தண்டனையும் குடும்பத்தின் வழியாகவே வந்தது. லோக்கிக்கும் சிகினுக்கும் பிறந்த மக்கள் வாலி, நார்ஃபி என்னும் இருவர். நம் இராமாயண வாலி வேறு. பெயர் ஒற்றுமை மட்டுமே. தேவர்கள் வாலியை ஓநாயாக்கினர். அவன் உடன்பிறந்த நார்ஃபியைக் கிழித்துப்போட்டான். நார்ஃபியின் குடலால் தந்தையைப் பாறைகளோடு பிணைத்தனர். லோக்கியின் முகத்திற்கு மேலே நச்சுப்பாம்பைக் கட்டியவள் ஸ்காடி. அவள் தந்தையின் சாவில் லோக்கிக்குப் பங்கு இருந்தது. முன்னொருகால் அவளைச் சிரிக்கவைத்துச் சினத்தை ஆற்றியவனும் லோக்கியே. தந்தையை இழந்த மகளின் துயர் ஒரு சிரிப்பில் தீர்வதில்லை என்பதை அப்பாம்பு சொல்கிறது.

மனைவி சிகின் மட்டும் அவனை விட்டு நீங்கவில்லை. சொட்டும் நஞ்சைக் கிண்ணத்தில் ஏந்தி நின்றாள். கிண்ணம் நிறைந்து, அதனைக் கொட்ட அவள் திரும்பும் நேரத்தில் நஞ்சு அவன் முகத்தில் விழும். அவன் துடிப்பதே நிலநடுக்கம் என்றனர் அந்நாட்டார். சூழ்ச்சி நாயகனின் கதையில் சூழ்ச்சியே அறியாத ஒருத்தி இவள். அவளைப் பற்றிப் பழநூல்கள் சொல்வது மிகக் குறைவு. எனினும் அந்தக் கிண்ணம் இல்லையேல், லோக்கியின்மீது நமக்கு இரக்கம் தோன்ற வழியில்லை.

புதிய காலம் தந்த புதிய குடும்பம்

1962இல் மார்வெல் சித்திரக்கதையில் தோரின் பகைவனாக லோக்கி நுழைந்தான். அக்கதைகளும் அவற்றிலிருந்து பிறந்த திரைப்படங்களும் அவன் உறவுகளை மாற்றியமைத்தன. ஓடினின் குருதித் தோழன், ஓடினின் வளர்ப்பு மகனானான். தோர் அவனுக்குத் தமையனானான். இன்னும் வியப்பானது, தாயின் பெயராக இருந்த லாஃபே அரக்கர் வேந்தனாகிய தந்தையின் பெயராயிற்று. அவனுக்குப் பெயர் தந்த தாயே கதையிலிருந்து மறைந்தாள்.

2011இல் வெளிவந்த ‘தோர்’ படத்தில், தான் அரக்கரின் மகன் என்பதை வளர்ந்தபின் அறிகிறான் லோக்கி. ஓடினிடம் தன் தகுதியை மெய்ப்பிக்கப் பெற்ற தந்தையையே கொல்கிறான். 2013ஆம் ஆண்டுப் படத்தில், சிறையில் தன்னைக் காண வந்த வளர்ப்புத் தாயை, நீ என் தாய் அல்லள் என்று மறுக்கிறான். அதன்பின் அவளை உயிரோடு காணும் பேறு அவனுக்கு வாய்க்கவில்லை. 2018ஆம் ஆண்டுப் படத்தில், இறப்பதற்கு முன் தன்னை ஓடினின் மகன் என்று கூறிக்கொள்கிறான். பழங்கதை மௌனமாக விட்ட உள்ளத்தைத் திரைப்படம் உரையாடலாக்கிவிட்டது. பழைய கதையின் வினா, குலங்களுக்கிடையே செய்த உறுதிமொழி நிலைக்குமா என்பது. புதிய கதையின் வினா, பெற்றோரின் அன்பில் எனக்குச் சமபங்கு உண்டா என்பது. ஒவ்வொரு காலமும் தான் அஞ்சும் பிளவைச் சூழ்ச்சி நாயகனின் குடும்பத்தில் வைத்துப் பார்க்கிறது.

இது மேலைநாட்டார்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. சகுனியை நம் மக்கள் ‘சகுனி மாமா’ என்று உறவுப்பெயரோடு சேர்த்தே வழங்குகின்றனர். தந்தையின் எலும்பால் செய்த பகடைக் காய்களால் அவன் பழிதீர்த்தான் என்ற கதையும் நம்மிடையே பரவியுள்ளது. வியாசரின் மூலநூலில் அக்கதை இல்லை. பின்வந்த வழக்குகளே அதனைச் சேர்த்தன. சூதாடியவனுக்கு ஒரு காரணம் வேண்டும் என்று மக்கள் மனம் எண்ணியது. அக்காரணத்தைக் குடும்பத்திலேயே தேடியது.

வகுப்பறைக்கு ஒரு வழி

உறவை முன்வைத்துப் படிக்கும் இம்முறை தமிழ் மாணவர்க்கு அயலானதன்று. நம் அகப்பாடல்களில் மாந்தர்க்கு இயற்பெயர் இல்லை. தலைவி, தோழி, செவிலி, நற்றாய் என்று உறவும் நிலையுமே பெயராக நிற்கின்றன. யார் கூற்று, யாரை நோக்கியது என்று அறிந்த பின்னரே பொருள் காண்கிறோம். அதே கருவியைக் கையிலெடுத்து, ஒரு சூழ்ச்சி நாயகனிடம் மூன்று வினாக்களைக் கேட்கலாம். அவனைப் பிறர் எந்த உறவுப்பெயரால் அழைக்கின்றனர்? அவன் எந்த உறவுப்பெயரை விரும்புகிறான்? இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு அவன் செயல்களில் எங்கே வெளிப்படுகிறது?

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். காரணத்தை அறிவது வேறு, குற்றத்தைப் பொறுப்பது வேறு. பால்டர் குற்றமற்றவன், ஹோட் ஏமாற்றப்பட்டவன், ஃபிரிக்கின் கண்ணீர் உண்மையானது. லோக்கியின் காயம் அவர்களின் காயத்தை இல்லாமல் ஆக்கிவிடாது. இரண்டையும் ஒருசேர மனத்தில் ஏந்தப் பழகுவதே இலக்கியக் கல்வி. தேவர்களின் தவறு, குறிமொழியை நம்பிக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே தீர்ப்பு வழங்கியது. லோக்கியின் தவறு, தனக்கு வழங்கப்பட்ட தீர்ப்பையே தன் செயலால் மெய்யாக்கியது. இவ்விரு தவறுகளும் ஒன்றையொன்று வளர்த்தன. முடிவில் தேவருள் பலரும் வாழவில்லை, லோக்கியும் வாழவில்லை.

இதில் ஆசிரியராகிய நமக்கும் பாடம் உண்டு. வகுப்பில் குறும்பு செய்யும் பிள்ளையை, இவன் தமையனும் இப்படித்தான், இவன் வீடே இப்படித்தான் என்று சொல்லும் நொடியில் நாமும் ஒரு குறிமொழியைக் கூறிவிடுகிறோம். அவனுக்கு வகுப்பில் இடம் தருவது மட்டும் போதாது. அந்த இடத்தை எந்தப் பெயர் சொல்லித் தருகிறோம் என்பதே அவன் நாளை யாராவான் என்பதில் பெரும்பங்கு வகிக்கும்.